நான் எழுதிய அரச இரகசியம்

பிள்ளைகளே,

போன கிழமை உங்களுக்கு எழுதிய, நான் சைக்கிள் கடை திறந்த கதையை வாசித்துவிட்டு, "இவ்வளவுதானோ அப்பா? உங்கட வாழ்க்கையில பெரிசா ஒண்டும் நடக்கேல்லையோ?" என்று கபில் கேட்டான். யாழினியும் அதைத்தான் நினைத்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

ஆகவே இந்தக் கிழமை பெரிய விசயம்.

உங்கள் அப்பா சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிப் படிப்பை முடித்தவன். அப்படிப்பட்டவன் எழுதிய ஒரு செய்தி இந்த நாட்டின் இரகசியக் கோப்பு ஒன்றில், இலக்கமிட்டு, முத்திரை குத்தி, பூட்டி வைக்கப்பட்டிருந்தது. பெருமைப்பட அவசரப்படாதீர்கள். முழுவதையும் வாசியுங்கள்.

விறாந்தையில் ஒரு மடிக்கணினி

நம் விறாந்தை, பச்சைப் பிளாஸ்டிக் கதிரை, அதில் கொழும்பிலிருந்து வந்த ஷாமினி. முப்பது வயதிருக்கும். பத்திரிகைக்காரி. மடியில் ஒரு மடிக்கணினி. அதற்கு இணையத் தொடர்பே கிடையாதாம். வாங்கிய நாள் முதல் அது உலகத்தோடு பேசியதில்லை என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். "உங்களுக்கும் அப்பிடி ஒண்டு வாங்கித் தரலாம்" என்ற பார்வை.

"தொலைபேசி எல்லாம் தூர இருக்கோணும் அண்ணை" என்றாள் ஷாமினி. அம்மா மூன்றையும் கொண்டுபோய்க் குசினியில் அரிசி வாளிக்குள் போட்டு மூடினாள். கொஞ்ச நேரத்தில் அரிசி மணியடித்தது. அரச இரகசியம் பேசும் நேரத்தில் அரிசி மணியடித்தால் யாருக்கும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். சின்னம்மா, சேலை விசயமாக அழைப்பு எடுத்திருந்தா.

மணி ஓய்ந்ததும் ஷாமினி திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அதில் அந்த இரகசியக் கோப்பின் ஒரு பக்கம், சிங்களத்தில் இருந்தது. அவள் தமிழாக்கிச் சொன்னாள்.

"கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாது பெருந்திரளான மக்கள், முந்நூறு பேருக்கு மேல், நெடுந்தீவில் கூடினர். அல்லைப்பிட்டியைச் சேர்ந்த சூசைப்பிள்ளை என்பவர் கடல் கடந்து சென்று இவர்களை வழிநடத்தினார். அன்றிரவு தீவிலேயே தங்கி இரகசியச் சந்திப்புகளை நடத்தியதாக நம்பப்படுகிறது."

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதைத்தான் அண்ணை நான் தொலைபேசியில கேட்டனான். நீங்கள் ஓம் எண்டனீங்கள்."

ஓம் என்றுதான் சொல்லியிருந்தேன். இரண்டு கிழமைக்கு முன் அவள் அழைத்து, ஏழு வருடத்துக்கு முன் நெடுந்தீவில் நில அளவைக்கு எதிராக நடந்த கூட்டம் பற்றிக் கேட்டபோது, "அது முழுக்க உண்மை தங்கச்சி, நானே செய்தி எழுதினனான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தொலைபேசியில் நெஞ்சு தெரியாது என்பதும் நினைவில்லை.

"ஆனா அண்ணை, அண்டைக்கு நாள் முழுக்க மழை."

பொய்யைத் தேடிச் சம்பளம் வாங்குகிறவர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும்.

யாரோ ஒருவர், எந்தக் கதிரையில் இருந்தவரோ தெரியாது, ஓர் அரச அலுவலகத்தின் கோப்புகளை மொத்தமாகப் பிரதி எடுத்து வெளியே கொடுத்துவிட்டார். வாழ்நாள் முழுக்க இருந்து வாசித்தாலும் ஓர் ஆளால் முடிக்க ஏலாத அளவு பக்கங்கள். அவர் யாரென்று ஷாமினிக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்றே இருந்தாள். "தெரியாததை ஒருத்தரும் என்னட்டை இருந்து பிடுங்க ஏலாது" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது.

பல நாட்டுப் பத்திரிகைக்காரர் அந்தப் பக்கங்களைப் பங்குபோட்டுக் கொண்டார்கள். கைக்கு வந்ததை அப்படியே அச்சடிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. கடிதத்தில் ஒப்பமிட்டவர் அந்தத் திகதியில் அந்தப் பதவியில் இருந்தாரா? கோப்பு இலக்கம் முந்திய இலக்கத்தோடு ஒத்துப் போகிறதா? கூட்டம் நடந்ததாகச் சொல்லும் மண்டபம் அப்போது கட்டி முடிந்திருந்ததா? அன்றைக்கு வானம் எப்படி இருந்தது? ஒருவர் ஒரு பக்கத்தை உண்மை என்றால், பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் வேலை அதைப் பொய்யென்று காட்டப் பார்ப்பது. அதற்குச் சம்பளம் வேறு.

நான் பதினைந்து வருடம், யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகத்துக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். காலையில் கடையில் சைக்கிள் ரியூபுக்கு ஒட்டு, மாலையில் செய்தி. அத்தனை காலத்தில் என் செய்தியைப் பொய்யென்று காட்டப் பார்த்த ஒரே ஆள் உங்கள் அம்மா.

எங்கள் முறை வேறு. பதினைந்து பேருக்குக் குறைந்தால் 'ஒரு தொகுதி மக்கள்'. அதற்கு மேலே போனால் 'பெருந்திரளான மக்கள்'. கூட்டம் எந்த மாதத்தில் நடந்தாலும் 'கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாது'. செய்தியில் ஐந்து பெயராவது இருக்க வேண்டும் என்பது ஆசிரியரின் கட்டளை. பெயர் இருந்தால் அந்த ஐந்து வீடும் பத்திரிகை வாங்கும். அந்தப் பத்திரிகை இப்போது இல்லை. ஐந்து ஐந்து வீடாகப் பிடித்தும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த வெயில் என்னுடையது

"வெளிநாட்டில இருக்கிற எங்கட பத்திரிகைக் கூட்டாளியள் இந்தப் பக்கமே ஆரோ செய்த பொய்ப் பக்கம் எண்டு சந்தேகப்படினம்" என்றாள் ஷாமினி. "மழை நாளில வெயில் எப்பிடி வந்தது? ஒரு பக்கம் பொய்யெண்டால் முழுக் கோப்பையும் சந்தேகிக்கோணும் அண்ணை."

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை.

"வெயில் இவரின்ர" என்றாள்.

"என்ன அக்கா?"

"இவர் எழுதுற வெயில். எங்கட கலியாணத்துக்கும் கொட்டோ கொட்டெண்டு மழை. இவர் பேப்பரில போட்டது வேற."

எழும்பிப் போய் என் செய்திகளை வெட்டி ஒட்டி அலுமாரியில் வைத்திருந்த நறுக்குக் கொப்பியை எடுத்து வந்தேன். அந்தச் செய்தியைத் தேடிப் பிடித்து நீட்டினேன். ஷாமினி திரையையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். வசனத்துக்கு வசனம் ஒன்றுதான். முந்நூறு பேர் மட்டும் அவர்கள் சேர்த்தது. 'பெருந்திரளான' என்பதற்கு அரசாங்கத்துக்கு ஓர் எண்ணிக்கை தேவைப்பட்டிருக்கிறது. 'தங்கியிருந்து மக்களுடன் கலந்துரையாடினார்' என்று நான் எழுதியது அங்கே 'இரகசியச் சந்திப்பு' ஆகியிருந்தது.

ஊர்காவற்றுறைச் சந்தியில் கடலை சுற்றி விற்ற செய்தி, பிள்ளைகளே. அதைப் பார்த்து எழுதிவிட்டுத் தலையில் 'மிக இரகசியம்' என்று குத்தியிருக்கிறார்கள். கீழே ஒரு வரி: 'தகவல் மூலம் மிக நம்பகமானது.' என் பத்திரிகை எனக்கு ஒருநாளும் தராத பட்டம் அது.

ஷாமினி சிரிக்கவில்லை.

"அப்ப கோப்பு உண்மையான கோப்புத்தான்" என்றாள். "அவையளே எழுதினதுதான். ஆனா கோப்பில இருக்கிறது உண்மையோ எண்டது வேற கேள்வி. நான் உங்களை இரண்டாவது சாட்சியா எழுதி வைச்சிருக்கிறன் அண்ணை. இப்ப பார்த்தா முதலாவது சாட்சியும் நீங்கள்தான்."

கோப்பை நான் உறுதிப்படுத்தினேன். என்னைக் கோப்பு உறுதிப்படுத்தியது. ஒரே ஆள் கண்ணாடிக்கு முன் நின்று தனக்குத்தானே தலையாட்டிய மாதிரி.

"நீங்கள் அண்டைக்கு நெடுந்தீவில நிண்டனீங்கள்தானே?"

அம்மா இன்னும் போகவில்லை.

"கடல் கொஞ்சம் குழம்பிப் போய் இருந்தது" என்றேன்.

படகில் ஏறினால் எனக்கு வயிறு பிரட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தீவில் பிறந்த மனிதன் வெளியில் சொல்லக்கூடிய நோயா அது? அன்றைக்கு, நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்று, படகில் வேலை செய்த கனகு அண்ணையிடம் கேட்டுத்தான் முழுச் செய்தியும் எழுதினேன்.

"பத்து நாளில வெளியில வருது அண்ணை" என்றாள் ஷாமினி. "சூசைப்பிள்ளையைப் பற்றித் தனியா ஒரு பக்கம். கண்காணிக்கப்பட்ட மக்கள் தலைவர் எண்டு. நாளைக்கு அவரைப் போய்ச் சந்திக்க இருந்தனான். பேர் போடுற ஆளை நேரில கேளாமல் போடுறேல்லை. அதுக்கு முதல் கனகு அண்ணையைப் பார்ப்பம்."

இடப்பக்கம், வலப்பக்கம்

கனகு அண்ணை இப்போது படகில் இல்லை. இறங்குதுறைக்குப் பக்கத்தில் வீடு. படகுப் பதிவுக் கொப்பிகளை எல்லாம் ஒரு பிஸ்கற் தகரத்தில் அடுக்கி வைத்திருந்தார்.

"ஆரும் கேட்டால் காட்டோணும் எண்டு வைச்சிருக்கிறன்" என்றார். "அரசாங்கம் வரும் எண்டு எத்தினை வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் வந்திட்டியள்."

ஷாமினி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுக் கொப்பியை வாங்கினாள். அந்த நாளைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. இடப்பக்கத்தில் முப்பது பேர் வரை இருந்தார்கள். அவர்களில் சூசைப்பிள்ளை இல்லை.

"வலப்பக்கத்தில பாரும் பிள்ளை" என்றார் கனகு அண்ணை. "இடப்பக்கம் ஆக்கள். வலப்பக்கம் சாமான், அனுப்பினவையின்ர பேரோட."

வலப்பக்கத்தில் சீமெந்து இரண்டு மூடை இருந்தது. காஸ் சிலிண்டர் இருந்தது. ஒருவருடைய பழைய மெத்தை இருந்தது. அதற்குக் கீழே, 'அல்லைப்பிட்டி சூசைப்பிள்ளை, கிடாய் ஒண்டு.'

ஷாமினி அந்த வரியில் விரலை வைத்தபடியே இருந்தாள்.

"அண்ணை, நீங்கள் அண்டைக்குக் கிடாய் எண்டு எனக்குச் சொல்லேல்லையே" என்றேன் நான்.

"நீர் பேரைத்தானே கேட்டனீர். கிடாய்க்கு என்ன பேர்?"

"சாமான் பக்கத்தை ஏன் வாசிச்சனீங்கள்?"

"இந்தப் பக்கத்தில நாலு பேரைச் சொன்னனான். காணாது, இன்னொரு பேர் வேணும், கொஞ்சம் தெரிஞ்ச பேராச் சொல்லுங்கோ எண்டு நிண்டனீர். மழையும் அடிக்குது, கயிறும் அவிழ்க்கோணும். கண்ணில பட்டதைச் சொன்னன்."

தெரிந்த பெயர் கேட்டது உண்மைதான். சூசை அண்ணை அப்போது அல்லைப்பிட்டி மீனவர் சங்கத்தின் செயலாளர். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் செய்தி வந்துவிட்டது. சங்கச் செயலாளர் போயிருந்தால் சும்மாவா போயிருப்பார்? தலைமை தாங்கத்தான் போயிருப்பார். பின்னேரம் திரும்பி வந்தவர்களின் பதிவில் சூசைப்பிள்ளை இல்லை. சரி, தங்கிவிட்டார்.

தங்கியது கிடாய். நெடுந்தீவில் சூசை அண்ணையின் மனைவி திரேசா அக்காவின் தங்கை வீட்டில் ஆடுகளுக்குக் கிடாய் இல்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். அன்றிரவு அது நடத்திய சந்திப்புகளைப் பற்றி அரசாங்கம் எழுதியது ஒருவகையில் சரிதான்.

அல்லைப்பிட்டியில் ஒரு கதிரை

நான் சிரித்துக்கொண்டுதான் அல்லைப்பிட்டிக்குப் போனேன். அதை உங்களுக்கு மறைக்கப் போவதில்லை. போய்ச் சொன்னால் சூசை அண்ணையும் சிரிப்பார், ஒரு மீனும் தந்து அனுப்புவார் என்று நினைத்தேன்.

அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். திரேசா அக்கா வாசலில் ஷாமினியைக் கண்டதும் உள்ளே போய் ஒரு கதிரையை எடுத்துவந்து வைத்தா. வைத்துவிட்டு, "தேத்தண்ணி சீனி போட்டோ, போடாமலோ?" என்று கேட்டா. குரலில் ஒன்றுமில்லை. வந்தவர்கள் யாரென்று கேட்கவில்லை. வந்து வந்து கேள்வி கேட்டுப் போகிறவர்களுக்கு அப்படித்தான் கதிரை வைப்பா என்று பிறகுதான் விளங்கியது.

ஷாமினி தான் யாரென்று சொன்னாள். கோப்பு பற்றிச் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாள். சூசை அண்ணை வலையைக் கீழே வைத்தார்.

"அப்ப அதுக்குத்தானோ" என்றார்.

"எதுக்கு ஐயா?"

"வருசத்துக்கு இரண்டு தரம் விசாரணைக்கு ஆக்கள் வருவினம். ஒரே கேள்வி. அண்டைக்கு இரவு நெடுந்தீவில ஆரோட தங்கினனீர்? நான் வீட்டில நிண்டனான் எண்டு சொல்லுவன். எழுதிக்கொண்டு போவினம். அடுத்த முறை வந்து, போன முறையும் இப்பிடித்தானே மறைச்சனீர் எண்டுவினம். சங்கத்தையும் விட்டிட்டன். கூட்டம் எண்டு எங்கயும் போறேல்லை. கலியாண வீட்டிலயும் பின் கதிரைதான்."

அல்லைப்பிட்டியில் ஒருவரின் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது என்றால் அந்த வீட்டார் எப்படித் தூங்குவார்கள் என்பதை நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. போர்க்காலத்தில் அங்கே கொல்லப்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் கதையை அந்த ஊர்க் கோயிலடியில் நின்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள்.

ஷாமினி என்னைப் பார்த்தாள். என் முறை.

சொன்னேன். இறங்குதுறை, மழை, ஐந்தாவது பெயர், வலப்பக்கம், கிடாய் எல்லாவற்றையும் சொன்னேன். வழியில் வந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

சூசை அண்ணை வலையைத் திரும்ப எடுத்து மடியில் போட்டார்.

"கிடாய் தலைமை தாங்கினதெண்டால் கூட்டம் நல்லாத்தான் நடந்திருக்கும்" என்றார். பிறகு, "ஏழு வருசம் தம்பி. ஆட்டுக்கு வந்த விசாரணைக்கு நான் பதில் சொல்லியிருக்கிறன்."

திரேசா அக்கா தேத்தண்ணித் தட்டோடு நின்றா. எனக்கு மட்டும் நீட்டவில்லை.

"நீர் ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த ஒழுங்கையாலதானே யாழ்ப்பாணம் போறனீர்?"

"ஓம் அக்கா."

"எத்தினை தரம் இந்தப் படலையில நிண்டு மீன் வாங்கியிருப்பீர்?"

நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

"மீன் என்ன விலை எண்டு கேட்டனீர். காத்து எப்பிடி எண்டு கேட்டனீர். அண்ணை நெடுந்தீவுக்குப் போனவரோ எண்டு ஒரு தரம், ஒரே ஒரு தரம், கேட்டனீரோ? ஆட்டைக் கட்டியிருந்த கயிறு கூட இந்தப் படலையிலதான் கிடந்தது."

பிள்ளைகளே, இதற்குக் கடல் குழப்பமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அல்லைப்பிட்டிக்குத் தார் றோட்டுத்தான்.

ஒரு பந்தி

ஷாமினி அங்கேயே சொல்லிவிட்டாள். தலைவர் பக்கம் வராது. சூசை அண்ணை விரும்பாவிட்டால் அவருடைய பெயரும் வராது, ஊர்ப் பெயரும் வராது. ஆனால் இரகசியக் கோப்புகளில் பாதி இப்படித்தான் பத்திரிகையைப் பார்த்து எழுதியவை என்பதை எழுதத்தான் வேண்டும். அதற்கு ஓர் உதாரணம் வேண்டும்.

"என்ர பேரைப் போடும் தங்கச்சி" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. உங்களிட்டையும் வருவினம்."

"வரட்டும். வந்து கேட்டால் சரியாச் சொல்ல எனக்கெண்டாலும் தெரியும்."

இது வீரம் என்று எடுக்க வேண்டாம். திரேசா அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. அந்தப் பார்வைக்கு முன் வேறு எதையும் சொல்லி எழும்ப முடியாது.

பெயரையும் ஊரையும் விட்டு, ஆட்டைப் பற்றிய கதையை இப்படி ஒரு நாள் எழுதலாமா என்று பிறகு சூசை அண்ணையிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "பேரையும் ஊரையும் சொல்லியே எழுதும். ஆடு எண்டு சரியா எழுதினால் காணும்" என்றார். அதனால்தான் இந்தக் கிழமை எழுதுகிறேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பத்தாம் நாள் அந்தக் கோப்புகள் பற்றிய செய்தி உலகமெல்லாம் வெளிவந்தது. பெரிய பெரிய ஆட்களின் பெயர்கள், பெரிய பெரிய தொகைகள். நம் கதை கடைசிப் பக்கத்தில் ஒரு பந்தி, நாலைந்து வரி. வெளிநாட்டுப் பத்திரிகையில் என் பெயர் வந்துவிட்டது, தவறு செய்தவன் என்று. அம்மா அதை வெட்டி என் நறுக்குக் கொப்பியில் தானே ஒட்டினாள்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு அல்லைப்பிட்டிக்குப் போனேன். ஆங்கிலப் பந்தியை எனக்குத் தெரிந்தளவு விளங்கப்படுத்தினேன். சூசை அண்ணை கடலுக்குப் போயிருந்தார். திரேசா அக்கா பொறுமையாகக் கேட்டா.

"நல்லது" என்றா. "வெளியில வந்த பேப்பரில திருத்திப்போட்டியள். உள்ளுக்க அரசாங்கத்தின்ர அலுமாரியில இருக்கிற பேப்பரை ஆர் திருத்துறது?"

திருத்தம்

அடுத்த நாள் கடையைக் கொஞ்சம் முன்னதாகப் பூட்டினேன். ஒட்டுப் போடும் மேசையைத் துடைத்துவிட்டு ஒரு தாளை விரித்தேன். அந்த அலுவலகத்தின் விலாசமும் கோப்பு இலக்கமும் ஷாமினி காட்டிய பக்கத்தின் தலையில் இருந்தன. நான் நினைவில் வைத்திருந்தேன். இவ்வளவுதான் எழுதினேன்:

'ஐயா, மேற்படி இலக்கக் கோப்பில் நெடுந்தீவுக்குப் படகில் சென்று அன்றிரவு தங்கியவர் எனக் குறிப்பிடப்பட்டிருப்பவர் மனிதர் அல்ல. ஆட்டுக்கிடாய். அதை மனிதர் என்று எழுதியவன் நான். அந்த வரியை வெட்டிவிடவும். இது பற்றி விசாரிக்க வேண்டுமானால் என்னிடம் வரவும். அல்லைப்பிட்டிக்குப் போக வேண்டாம்.'

கீழே ஒப்பமிட்டேன். உறையின் பின்பக்கத்தில் 'அனுப்புநர்' என்று எழுதி, என் முழுப் பெயர், நம் ஊர் புளியங்கூடல், கடைக்கு வரும் ஒழுங்கை எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினேன். சைக்கிளில் ஊர்காவற்றுறைத் தபால் கந்தோருக்குப் போனேன். பூட்டிவிட்டார்கள். முத்திரை முன்னமே ஒட்டியிருந்ததால் வெளியில் நின்ற சிவப்புப் பெட்டிக்குள் போட்டேன். கடிதம் வாயிலேயே தட்டுப்பட்டு நின்றது. கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டுத் தள்ளினேன்.